பெருமுக்கல்லிலிருந்து வேளாங்கண்ணிக்கு – கால்நடையாக

ஆவணி பிறந்துவிட்டால் நம் நாட்டுச் சாலைகள் காவி நிறம் பூணுகின்றன. சென்னையிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புறப்படுகிற மக்கள், தேவமாதாவின் சுரூபம் தாங்கிய சிறிய தேரை முன்னே தள்ளிக்கொண்டு, செபமாலை சொல்லியவாறு தெற்கு நோக்கி நடக்கிறார்கள். ஆகஸ்டு 29 ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அன்றேல், செப்டம்பர் 8 ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழாவுக்கேனும் சேர வேண்டும் என்பது அவர்கள் வேட்கை.

“பேருந்து இருக்கிறது, இரயில் இருக்கிறது. பின்னும் நடப்பானேன்?” என்று நம் பங்கின் படித்த இளைஞர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் குறும்பு இல்லை; நியாயமே இருக்கிறது. பெருமுக்கல்லிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் அன்று மாலைக்குள் அன்னையின் சந்நிதியில் நிற்கலாம். நடந்தாலோ சுமார் 220 கிலோமீட்டர். சென்ற ஆண்டு நாமும் நம் உபதேசியாரும் அந்த 220 கிலோமீட்டரை நடந்து கடந்தோம். பதின்மூன்று நாள் ஆயிற்று. அந்நாள்களில் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையடிவாரம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் இருக்கிறது. வெட்டவெளியான செம்மண் பூமியில் திடுமென எழுந்து நிற்கும் பாறை மலை அது. உச்சியில் பழைய சிவாலயம் ஒன்று. அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள். குகைப் பாறையில், எழுத்துத் தோன்றுமுன் வாழ்ந்த மனிதர் கீறி வைத்த உருவங்களும் உண்டு. மலைமேல் கோட்டை ஒன்றும் இருந்தது. 1760 ஆம் ஆண்டில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்நாட்டுக்காகப் போரிட்டபோது, ஆங்கிலத் தளபதி அயர் கூட் அக்கோட்டையைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரியை நோக்கிச் சென்றார். ஆக, தெற்கே செல்வோர் இம்மலையைக் கடந்து போவது புதிதன்று. படைகள் போன வழியில் இன்று பக்தர்கள் போகிறார்கள்.

இம்மலையைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் வாழ்பவர் நம் உபதேசியார். வயது அறுபத்தேழு. இளமையில் கல்குவாரியில் கல் உடைத்தவர். பின்னர் நாற்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்து வருபவர். குரு வராத நாள்களில் செபம் நடத்துவதும், சாவு வீட்டில் முதலில் போய் நிற்பதும் அவரே. பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய்.

கடந்த தபசு காலத்தில் அவருடைய மனைவி இறந்துபோனார். சிறுநீரகம் பழுதாகி, இரண்டு ஆண்டுகள் வாரத்திற்கு இருமுறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். ஆகஸ்டு மாதம் நெருங்கியதும் உபதேசியார், “வேளாங்கண்ணிக்கு நடந்து போறேன் சாமி” என்று வந்து நின்றார். மறுநாள் அவருடைய மகன் வந்தான். “அப்பாவுக்குச் சுகர் இருக்கு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. தடுத்து வையுங்க சாமி” என்றான். தந்தையின் முகத்தையும் மகனின் முகத்தையும் பார்த்தபின், தடுப்பதைவிட உடன் செல்வதே மேல் என்று நமக்குத் தோன்றிற்று. பங்கை அண்டைக் குருவிடம் ஒப்படைத்துவிட்டு, ஆகஸ்டு 20 ஆம் நாள் விடியலில், ஆளுக்கொரு துணிப்பையும் குடையுமாகப் புறப்பட்டோம்.

உப்பும் நீரும்

முதல் நாள் மரக்காணம் வரை இருபது கிலோமீட்டர். கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்கிறது, பனைகள் பெருகுகின்றன, காற்றில் உப்பு ஏறுகிறது. இப்பகுதியில்தான் கழுவெளி விரிந்து கிடக்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுவே. 2021 ஆம் ஆண்டில் இதனைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. ஆகஸ்டில் பெரும்பகுதி காய்ந்து, வெடித்த சேறாய்க் கிடந்தது. வடகிழக்குப் பருவமழை நிறைக்கும்போது தொலைதேசப் பறவைகள் வந்து இறங்கும். “அதுங்களும் யாத்திரைதான் போவுதுங்க சாமி” என்றார் உபதேசியார்.

மரக்காணத்து உப்பளங்களில் ஆணும் பெண்ணும் வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பாத்திகளில் விழும் வெயிலின் எதிரொளி கண்ணைக் கூசச் செய்தது. ஒரு மூதாட்டி எங்களைக் கண்டு, வேலையை நிறுத்திவிட்டு, தம் தூக்கிலிருந்த கஞ்சியில் பாதியை உபதேசியாரின் தம்ளரில் ஊற்றினார். நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். “மாதா கோயிலுக்குப் போறவங்களுக்குக் குடுத்தா எங்களுக்கும் சேரும்” என்றார். பதின்மூன்று நாளும் இப்படியே நடந்தது. மோர் தந்தவர், வாழைப்பழம் தந்தவர், திண்ணையில் பாய் விரித்தவர் ஆகியோரில் பாதிப்பேருக்கு மேல் நம் மதத்தவர் அல்லர். மறையுரை மேடையில் நின்று ‘அயலான்’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறுவது வேறு; தாகத்தோடு அயலானின் வாசலில் நிற்பது வேறு.

இரண்டாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே காலாப்பட்டு. மூன்றாம் நாள் புதுச்சேரி. அங்கே, 1791 இல் கட்டி முடிக்கப்பட்டதும் மக்கள் ‘சம்பா கோவில்’ என்று அழைப்பதுமான அமலோற்பவ மாதா பேராலயத்தில் திருப்பலி கண்டு, ஊரைக் கடந்தோம். நான்காம் நாள் பெண்ணையாற்றைத் தாண்டிக் கடலூர். அதன் தெற்கே இரசாயன ஆலைகளின் நெடி ஒருபுறம், விரிவாகிவரும் நெடுஞ்சாலையின் புழுதி மறுபுறம். முன்பு யாத்திரிகருக்கு நிழல் தந்த புளியமரங்களில் பல சாலை அகலமானபோது போய்விட்டன. காலை நான்கரைக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் ஒதுங்கிவிடுவதும், வெயில் தாழ்ந்தபின் இருட்டுவதற்குள் மீதியை நடப்பதும் எங்கள் ஒழுங்காயிற்று.

சந்தியாகப்பரின் பாதை

ஐந்தாம் நாள் இரவு, புதுச்சத்திரத்தின் அருகே ஒரு பள்ளித் தாழ்வாரத்தில் படுத்திருந்தோம். “நம்மள மாதிரி நடந்து போற சனங்க வேற தேசத்துலயும் உண்டா சாமி?” என்று உபதேசியார் கேட்டார். ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகு பாதையைப் பற்றி அவருக்குச் சொன்னோம்.

“நம்ம சந்தியாகப்பரா?” என்று எழுந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டனார் பெயரே சந்தியாகு!

ஆம், அவரேதான். ஜூலை 25 ஆம் நாள் நாம் திருநாள் கொண்டாடும் அப்போஸ்தலர் பெரிய யாகப்பரை ஸ்பானியர் ‘சந்தியாகு’ என்பர். அவருடைய கல்லறை ஸ்பெயினின் வடமேற்கில், கலீசியா நாட்டுக் கொம்போஸ்தேலா நகரில் இருப்பதாக ஒன்பதாம் நூற்றாண்டு முதல் மக்கள் நம்பி வந்தனர். ஐரோப்பா முழுவதிலிருந்தும் அரசரும் ஆண்டிகளும் அங்கே நடந்தனர். பிரான்சு எல்லையில் பிரனீ மலையைத் தாண்டி, கோதுமை வயல்கள் வழியாகவும் மேட்டுநிலங்கள் வழியாகவும் செல்லும் பெரும்பாதை சுமார் 780 கிலோமீட்டர். நடந்து முடிக்க ஒரு மாதத்திற்கு மேல் ஆகும். யாத்திரிகரின் அடையாளம் கிளிஞ்சல் சிப்பி. வழியிலுள்ள சிற்றூர்களில் எளிய சத்திரங்கள் உண்டு. தங்குகிற இடந்தோறும் ஒரு சிறு கையேட்டில் முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். கடைசி 100 கிலோமீட்டரையேனும் நடந்து வந்ததற்கு அம்முத்திரைகள் சான்றாக, கொம்போஸ்தேலாவில் நற்சான்றுப் பத்திரம் வழங்குகிறார்கள்.

இவ்வளவு புகழ்பெற்ற அப்பாதை இடையில் ஏறக்குறைய மறந்து போயிற்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1980களின் நடுப்பகுதியில், ஆண்டுக்கு மூவாயிரம் பேர்கூட அந்தப் பத்திரத்தைப் பெறவில்லை. பாதையை மீட்டவர்களுள் முதன்மையானவர் ஒரு பங்குக் குரு. செப்ரெய்ரோ என்னும் மலைச் சிற்றூரின் குரு எலியாஸ் வாலிஞா அவர். பழைய பாதையை ஆராய்ந்து நூல் எழுதினார். அதோடு நில்லாமல், 1984 ஆம் ஆண்டில் தாமே மஞ்சள் வண்ணத்தை எடுத்துக்கொண்டு, கல்லிலும் மரத்திலும் சுவரிலும் அம்புக்குறி தீட்டிக்கொண்டே போனார். வழி தெரியாமல் எவரும் திரும்பிவிடக் கூடாது என்பதே அவர் கவலை. 1989 இல் அவர் இறந்தார். 1993 இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அப்பாதையை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2023 ஆம் ஆண்டில் நற்சான்று பெற்றவர்கள் 4 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். அவர் தீட்டிய மஞ்சள் அம்புதான் இன்றும் அவர்களுக்கு வழிகாட்டுகிறது.

உபதேசியார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நமக்கு அம்பு வேணாம் சாமி. கடல இடப்பக்கம் வச்சிக்கிட்டா வேளாங்கண்ணி வந்துடும். ராத்திரி படுக்க ஒரு எடமும், பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூசும் இருந்தாப் போதும்” என்றார்.

சிதம்பரத்தில் இரண்டு நாள்

ஆறாம் நாள் மாலை சிதம்பரம் வந்து சேர்ந்தோம். கால் கழுவும்போது உபதேசியாரின் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ரூபாய்க் காசளவு கொப்புளம் உடைந்து சிவந்திருப்பதைக் கண்டோம். “வலிக்கவே இல்லையே!” என்று அவர் வியந்தார். வலிக்காததே ஆபத்து. நெடுநாள் சர்க்கரை நோயுள்ளவர்களுக்குப் பாதத்து நரம்புகள் உணர்விழந்து போகும்; புண் உண்டானதே தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் ஆறுவது தாமதம். கிருமி புகுந்தால் விரலையோ பாதத்தையோ இழக்க நேரிடும்.

மருத்துவர் ஒருவர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். “இரண்டு நாள் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பிறகு நான் பார்த்துச் சொல்கிறேன். சரியில்லை என்றால் இங்கிருந்தே பேருந்து ஏறிவிடுங்கள்” என்றார். அவருக்கு உபதேசியார் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. தங்குமிடம் வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த இரவில், ஒரு குரு என்ற முறையில் நாம் அவருக்குச் சொல்லக் கடமைப்பட்ட ஒன்றைச் சொன்னோம். அவருடைய மனைவி பிழைத்தெழுந்தால் நடந்து வருவதாக அவர் நேர்ந்துகொண்டார் என்பது பங்கு முழுவதும் அறிந்த செய்தி. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைப்பற்றித் தெளிவாகவே பேசுகிறது. நேர்ச்சை என்பது நன்மையான, இயலக்கூடிய ஒன்றை, அறிவோடும் சுதந்திரத்தோடும் கடவுளுக்கு வாக்களிப்பது. அந்நேர்ச்சை எந்த நிபந்தனையைச் சார்ந்ததோ அது நிறைவேறாமற் போனால் நேர்ச்சை முடிவுறுகிறது என்று 1194 ஆம் விதி கூறுகிறது. அது மட்டுமன்று, நேர்ச்சை கட்டுப்படுத்துகிற நிலையிலும், தக்க காரணம் இருந்தால், தம் மக்களை அதிலிருந்து விடுவிக்கவோ, வேறொரு நற்செயலாக மாற்றித் தரவோ பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு. “ஆகையால் உபதேசியாரே, கடவுளுக்கு நீங்கள் எந்தக் கடனும் படவில்லை. பேருந்தில் போனாலும் குற்றமில்லை, ஊர் திரும்பினாலும் குற்றமில்லை” என்றோம்.

“தெரியும் சாமி” என்றார். அதற்குமேல் அன்று பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை மருத்துவர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். சிவப்பு வற்றியிருந்தது, சீழ் இல்லை. மிருதுவான அகன்ற செருப்பு, தடித்த பருத்திக் காலுறை, ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் கூடாது, காலையும் மாலையும் பாதத்தைச் சோதிக்க வேண்டும், மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது, புண் சிவந்தால் அவ்விடத்திலேயே நிறுத்த வேண்டும். இத்தனை நிபந்தனைகளோடு அனுப்பிவைத்தார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

கொள்ளிடப் பாலத்தில்

ஆகஸ்டு 28 ஆம் நாள் கொள்ளிடத்தின் நீண்ட பாலத்தைக் கடந்தோம். கீழே மணல் திட்டுகளுக்கிடையே நீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் உபதேசியார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வலிக்கிறதோ என்று பதறிக் கேட்டோம். அவரோ இரண்டு நாளாக மனத்தில் வைத்திருந்த மறுமொழியை அங்கே சொன்னார்.

“கடனுக்காக நடக்கல சாமி. நான் கேட்டது கெடைக்கல. அதுக்கு மாதாமேல எனக்கு வருத்தம் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா நடந்து போகணும்னு ஆசப்பட்டவ அவதான். கல்யாணமான மொத வருசத்துலேருந்து சொல்லுவா. ஒரு வருசம் புள்ள கையில. ஒரு வருசம் மாடு கன்னு போடற நேரம். ஒரு வருசம் நடவு. அடுத்த வருசம், அடுத்த வருசம்னு நான்தான் சொல்லிக்கிட்டே வந்தேன். பஸ்ஸுல நாலஞ்சு தடவ போனா. பஸ்ஸுல போனா வழி தெரியுதா? நான் நடந்து போயி, வழியில என்னென்ன இருக்குதுன்னு பாத்து, திரும்பி வந்து கல்லறையில அவகிட்ட சொல்லணும். அவ்வளவுதான்.”

குருமடத்தில் நாம் நேர்ச்சையின் இலக்கணத்தைக் கற்றோம். அது எப்போது கட்டும், எப்போது கட்டாது என்பதைத் தேர்வில் எழுதினோம். சட்டம் மிக அவசியமானது; மனச்சான்றின் வீணான பாரத்தை இறக்கி வைக்க அது உதவுகிறது. ஆனால், கடன் தீர்ந்தபின்னும் ஒருவன் கொடுக்க விரும்பினால், அதற்குச் சட்டத்தில் பெயர் இல்லை, நற்செய்தியில் உண்டு. எம்மாவுசுக்கு நடந்த இரு சீடரை நினைத்துக்கொண்டோம். அவர்களும் நம்பியது நடக்காமற் போன துயரத்தோடுதான் நடந்தார்கள். அந்தத் துயரத்தை ஆண்டவர் கடிந்து விலக்கவில்லை. முதலில் அதைச் சொல்லக் கேட்டுக்கொண்டே உடன் நடந்தார்.

பாலத்தின் மறுமுனை வரை இருவரும் துக்க தேவ இரகசியங்களைச் சொல்லிக்கொண்டு போனோம்.

திருக்கடையூரும் நாகூரும்

மறுநாள் மாலை திருக்கடையூரை அடைந்தபோது வேளாங்கண்ணியில் கொடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. எங்களோடு தங்கிய சென்னை இளைஞர்கள் அதைக் கைப்பேசியில் காட்டினார்கள். கொடி ஏறுமுன் சேர முடியவில்லையே என்று உபதேசியாருக்குச் சற்று வருத்தம். “கொடி பத்து நாள் பறக்குமே ஐயா!” என்று அவ்விளைஞர்களில் ஒருவன் தேற்றினான்.

திருக்கடையூர்ச் சிவாலயம் அறுபதாம் திருமணத்திற்கும் எண்பதாம் திருமணத்திற்கும் பெயர்போனது. விடியலில் நாங்கள் புறப்படுகையில், மாலையும் கழுத்துமாக முதிய தம்பதியர் பலர், மக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ, கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தனர். ஒரு பாட்டி, மாலையின் பாரம் தாங்காமல், கணவரின் தோளைப் பற்றிக்கொண்டு சிரித்தார். உபதேசியார் அவர்களைப் பார்த்தவாறு சிறிது நேரம் நின்றார். பின், “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லி நடந்தார். அன்று அவர் எம்மைவிட விரைவாக நடந்தார்.

வழியில் தரங்கம்பாடி. 1620 இல் டென்மார்க்கு நாட்டார் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706 இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் முயற்சியால் 1715 இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பிரிந்துபோன சகோதரர் செய்த நற்பணிக்காக நன்றி செலுத்திவிட்டு, அன்றிரவு காரைக்காலில் தங்கினோம்.

ஆகஸ்டு 31 ஆம் நாள் நாகூர். ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் ஐந்து மினாராக்கள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றுள் உயரமானதைக் கட்டுவித்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஓர் இந்து மன்னர், ஒரு முஸ்லிம் பெரியவருக்காக! தர்காத் தெருவில் கடை வைத்திருந்த பாய் ஒருவர், காவித் துண்டைக் கண்டதும் எங்களை அழைத்து உட்காரவைத்து, தேநீர் தந்தார். உபதேசியாரின் கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டுத் தம் மகனை அழைத்து, முக்காலி கொண்டுவரச் செய்து, காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். கடவுளின் பெயரால் மனிதர் பகைக்கும் செய்திகளே நாள்தோறும் காதில் விழுகிற காலம் இது. அந்த முக்காலியையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் அல்லவா?

வேளாங்கண்ணி

செப்டம்பர் முதல் நாள், காலை எட்டரை மணிக்கு, கோபுரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. முன்னே போன கூட்டம் ‘மரியே வாழ்க’ என்று முழங்கிற்று. பால்கொண்டு போன இடையச் சிறுவனுக்கும், மோர் விற்ற முடவச் சிறுவனுக்கும் அன்னை காட்சி தந்ததாகவும், புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகளைக் கரை சேர்த்ததாகவும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1962 இல் திருத்தந்தை 23 ஆம் அருளப்பர் இவ்வாலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஆழிப்பேரலை இக்கடற்கரையில் யாத்திரிகர் பலரைக் கொண்டுபோயிற்று. நன்றி சொல்ல வந்தவர்களும் அதில் உண்டு. நேர்ச்சை செலுத்த வந்தவர்களும் உண்டு. ஆகவே, இங்கு வருவோர் எல்லாரும் கேட்டதைப் பெற்றவர்கள் என்றெண்ணுவது சரியன்று. கேட்டதைப் பெறாதவர்களும் வருகிறார்கள். அவர்களையும் அன்னை அறிவாள். சிலுவையடியில் நின்றவள் அவள்.

மாதா குளத்திற்குச் செல்லும் மணற்பாதையில் பலர் முழந்தாளிட்டு நகர்ந்துகொண்டிருந்தனர். உபதேசியார் மருத்துவரின் சொல்லை மதித்து, செருப்போடு ஓரமாக நின்று செபித்தார். பின்பு ஆலயத்திற்குள் சென்று, ஒரு மெழுகுதிரி ஏற்றி வைத்து, வெகுநேரம் அன்னையின் சுரூபத்தை நோக்கியிருந்தார். என்ன வேண்டினார் என்று நாம் கேட்கவில்லை. அன்று நண்பகலில் அவருக்காகவும், அவருடைய மனைவியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். பிற்பகல் பேருந்தில் ஊர் திரும்பினோம். அவர் சன்னலோரம் அமர்ந்து, நாங்கள் நடந்த இடங்களை ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்: “இது பாய் கடை சாமி... இது கொள்ளிடம்...”

நாம் செய்யத்தக்கவை

அன்பார்ந்த குடும்பங்களே! வழிநடையில் நாம் கண்ட தேவைகள் சிலவற்றை இங்கே கூறாமல் விடுவது தகாது.

யாத்திரை வழியிலுள்ள நம் பங்குகளும் பள்ளிகளும் ஆகஸ்டு 15 முதல் செப்டம்பர் 8 வரை இரவில் தாழ்வாரத்தைத் திறந்துவைக்கட்டும். ஒரு விளக்கு, குடிநீர், தாழிடக்கூடிய கழிப்பறை ஆகிய மூன்றும் போதும். பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே நாள் முழுவதும் தண்ணீர் குடியாமல் நடக்கிறார்கள். அதனால் மயங்கி விழுகிறார்கள். இது பக்தி முயற்சியன்று. நம் அனைவருக்கும் வெட்கம். ஸ்பெயின் நாட்டுச் சத்திரங்கள் பலவற்றை நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர்களே. அவர்களுள் பலர் ஒரு காலத்தில் நடந்தவர்கள். நடந்தவனுக்கே நடப்பவனின் கால் தெரியும்.

நடப்பவர்கள் சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பது நல்லது. இருட்டிய பின் நெடுஞ்சாலையில் நடக்க வேண்டாம். தவிர்க்க முடியாவிடில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் மேற்சட்டையும், தேரின் பின்புறம் சிவப்பு விளக்கும் கட்டாயம் வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டப்படும் ஒரு லாரி, ஒரு குடும்பத்தின் திருவிழாவை இழவு வீடாக்கிவிடும். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் புறப்பட வேண்டாம். வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். அன்னை தன் பிள்ளையின் பாதத்தைக் காணிக்கையாகக் கேட்பதில்லை. அன்னதானம் பெற்ற இலையையும் தண்ணீர்ப் புட்டிகளையும் வயலோரத்தில் எறிவதும் தகாது. நமக்குச் சோறிட்டவரின் வயல் அது.

நேர்ச்சை செய்து நிறைவேற்ற இயலாமல் மனம் வருந்துவோர், அந்தப் பாரத்தைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. உங்கள் பங்குக் குருவிடம் வாருங்கள். திருச்சபை உங்களுக்கு வழி வைத்திருக்கிறது. இயலக்கூடியவர்களுக்கோ ஒரு சொல். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்ய ஆசைப்பட்டது எதுவாயினும், அது வேளாங்கண்ணிக்கு நடப்பதாயினும், அடுத்த ஊர்க் கெபிக்கு ஒரு மாலை நடப்பதாயினும், அதை அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளி வைக்காதீர்கள். மாடு கன்று போடும், நடவும் வரும். ஆயினும் இவ்வாண்டே நடந்து விடுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை, பெருமுக்கல் மலையின் நிழல் நீண்டு விழுந்த வேளையில், உபதேசியார் கல்லறைத் தோட்டத்திற்குத் தனியே போனார் என்று அவருடைய மகன் நமக்குச் சொன்னான். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாராம். பதின்மூன்று நாள் வழியல்லவா? சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் வேண்டித்தானே இருக்கும்!